அந்த மூணு இஞ்ச்

“மேஸ்திரிம்மா, ஏழு மாசமாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு நான் வண்டிக்கு அடியில சும்மா படுத்துக் கெடக்குறது?”

சின்னமாயன் இதைப் படுத்துக்கொண்டேதான் கேட்டார். அவருடைய மூக்குக்கு மேலே ஒரு முழ உயரத்தில் ஒரு பிக்கப்பின் வயிறு இருந்தது.

வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து லூர்து மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“டம்ளர்ல இன்னும் பாதி இருக்குண்ணே” என்றார்.

அவ்வளவுதான் பதில்.

மலைக்கு ஏறும் சாலை தொடங்கும் இடத்தில் அந்த ஷெட் இருக்கிறது. லூர்து மேஸ்திரி முப்பத்தாறு வயதுப் பெண். திண்டுக்கல்லில் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வண்டியின் முன்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். இன்ஜின் கோளாறு என்று வந்தால் வேறு ஷெட்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்.

சின்னமாயனுக்கு ஐம்பத்து மூன்று. குருவுக்கு அண்ணன் வயதில் ஒரு சீடர். அதனால் குரு சீடரை அண்ணே என்பார், சீடர் குருவை மேஸ்திரிம்மா என்பார். பார்க்கிறவர்கள் யார் யாருக்கு வேலை சொல்லித்தருகிறார்கள் என்று கொஞ்ச நேரம் குழம்புவார்கள்.

இருபத்தாறு வருடம் மலையில் பிக்கப் ஓட்டியவர் சின்னமாயன். சர்க்கரை நோய் இடது கண்ணில் கை வைத்துவிட்டது. இனி மலையில் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி ஒரே மகன் தவசியின் கைக்குப் போனது.

வண்டியை விட்டு இருக்க அவரால் முடியவில்லை. மேலே உட்கார முடியாவிட்டால் கீழேயாவது கிடப்போம் என்று ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்.

கீழேயே கிடக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

*

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம்.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியவர் யாரோ, அவர்தான் முதலில் அதன் கீழே போய்ப் படுக்க வேண்டும். ஸ்பேனரைத் தொடக் கூடாது. மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே இன்னொருவர் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும் வரை.

அதன் பிறகுதான் அடுத்தவர் அடியில் போகலாம்.

லூர்து மேஸ்திரி சூடாக டீ குடிக்க மாட்டார். ஆற்றி ஆற்றிக் குடிப்பார்.

அவரே வண்டியைத் தூக்கிய நாட்களில் அவரே போய்ப் படுப்பார். அப்போது சின்னமாயன் சீனி போடாத டீயை இரண்டே மடக்கில் முடிப்பார். கசப்பு மட்டும் காரணமில்லை. ஒரு பொம்பளைப் பிள்ளை வண்டிக்கடியில் கிடக்க, தான் உட்கார்ந்து டீ குடிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

வந்த முதல் நாளே இதைப் பற்றிக் கேட்டார்.

“ஸ்டாண்டு கெட்டியா நிக்குதான்னு வெளியிலேருந்து ஆட்டிப் பாத்தா பத்தாதா?”

“பத்தும்.”

“அப்ப எதுக்குப் படுக்கணும்?”

“ஆட்டிப் பாத்தீங்கள்ல, கெட்டியா நிக்குதா?”

“நிக்குது.”

“அப்ப படுங்க.”

சின்னமாயன் படுத்தார். நாலு மூச்சுகூட விட்டிருக்க மாட்டார், புரண்டு வெளியே வந்தார். நேராக வண்டியின் பின்பக்கம் போனார். இடது பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கட்டை கொஞ்சம் கோணலாக இருந்தது. அதைக் காலால் தட்டி நேராக்கினார். ஹேண்ட்பிரேக்கை இன்னொரு பல் இழுத்தார். திரும்பி வந்து படுத்தார்.

கட்டை கோணலாக இருந்தது அவருக்கு முன்பே தெரியும். படுத்த பிறகுதான் அது பெரிதாகத் தெரிந்தது.

லூர்து மேஸ்திரி டம்ளரில் மறுபடி டீ ஊற்றிக்கொண்டார். முதலிலிருந்து ஆரம்பம்.

*

படுத்துக் கிடந்ததில் ஒரு லாபம் இருந்தது. வண்டியின் முன்பக்கம் எப்படி நிற்கிறது என்பதை ஏழு மாதத்தில் மனப்பாடமாகப் படித்துவிட்டார்.

இந்த வகை பிக்கப்பில் முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளமான இரும்புக் கம்பிகள், வண்டியின் நீளவாக்கில் ஓடும். ஈர வேட்டியைப் பிழிவதுபோல் அவை முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த முறுக்குதான் வண்டியின் முன்பாரத்தைத் தாங்குகிறது. கம்பியின் பின்முனையில் ஒரு போல்ட். போல்ட்டை இறுக்கினால் முறுக்கு ஏறும், வண்டியின் மூக்கு உயரும். தளர்த்தினால் இறங்கும்.

இவ்வளவுதானா என்று சின்னமாயனுக்குத் தோன்றியது. இதைச் செய்ய மூளை எதற்கு, ஒரு ஸ்பேனர் போதும்.

ஷெட்டின் மேற்குத் தகரத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை உண்டு. சாயங்காலம் அதன் வழியே ஒரு துண்டு வெயில் உள்ளே விழும். அதை ஏன் அடைக்கவில்லை என்று சின்னமாயன் ஒருநாள் கேட்டார்.

“போல்ட் போன ஓட்டைண்ணே அது. முன்சக்கரம் தரையில இருக்க, கம்பி மேல முழு பாரமும் இருக்க, அப்படியே போல்ட்டைப் போட்டு இறுக்கினதுல தலை முறிஞ்சு பறந்துருச்சு.”

“எந்தக் கூறுகெட்டவன் செஞ்சது?”

“நான்தான்.”

சின்னமாயன் தலையைச் சொறிந்தார்.

“அந்தப் பக்கம் யாரும் இருந்தாங்களா?”

“உக்காந்திருந்தவரு அப்பத்தான் எந்திரிச்சு டீ வாங்கப் போயிருந்தாரு.”

வெயில் துண்டு தரையில் நகர்ந்து ஸ்டூலின் கால் வரை வந்துவிட்டது.

*

ஐப்பசி மழையில் மலைச்சாலையில் ஒரு பாறை வெளியே வந்தது.

பல வருடமாகத் தாருக்கு அடியில் படுத்திருந்த பாறை. மழை தாரைப் பெயர்த்துக்கொண்டு போனதும் தலையைத் தூக்கிவிட்டது. தவசி தினமும் மூன்று நடை அதைக் கடந்து மேலே போக வேண்டும். போகும்போது அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும், வரும்போது வாழைத்தார். பாறை ஒவ்வொரு முறையும் வண்டியின் அடியைக் கீறியது. இன்ஜின் ஆயில் தொட்டிக்குக் கீழே இருக்கும் காப்புத் தகடு நெளிந்துபோனது.

சின்னமாயன் மகனை வண்டியோடு ஷெட்டுக்கு வரச் சொன்னார். மூக்கை மூன்று இஞ்ச் தூக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டார்.

லூர்து மேஸ்திரி டேப்பை எடுத்துச் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தார். இரண்டு பக்கமும் அளந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

“ஒரு இஞ்ச் தூக்கலாம்.”

“ஒரு இஞ்ச் பத்தாது மேஸ்திரிம்மா. பாறை கெடக்குற உசரத்துக்கு மூணு வேணும்.”

“மூணு வேணாம்ணே.”

மலையில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுகின்றன, அவையெல்லாம் கவிழ்ந்தா போய்விட்டன என்று சின்னமாயன் வாதாடினார். இருபத்தாறு வருடம் அந்தச் சாலையில் ஓட்டியவன் என்பதையும் நினைவுபடுத்தினார். தவசி அப்பாவுக்குப் பின்னால் நின்று தலையாட்டினான். அவனுக்கு வண்டி புலி மாதிரி நிற்க வேண்டும்.

லூர்து மேஸ்திரி டேப்பைச் சுருட்டினார்.

“மூணு இஞ்ச் தூக்கலாம்ணே. ஆனா அந்த மூணு இஞ்ச் எங்கேருந்து வருது?”

“எங்கேருந்து வருதுன்னா?”

“கம்பி அதே கம்பி. சக்கரம் அதே சக்கரம். நாம புதுசா எதையும் வைக்கப் போறதில்ல. வண்டி மட்டும் மூணு இஞ்ச் ஏறுது. அது எங்கேயோ இருந்ததுதான இங்க வரணும்? எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க, தூக்கித் தர்றேன்.”

சின்னமாயன் யோசிக்கவே இல்லை.

“போல்ட்டுலேருந்து.”

“இல்ல.”

வண்டி அன்று உயராமலே திரும்பிப் போனது.

மறுநாள் காலை ஷெட்டைத் திறந்ததும் சின்னமாயன் வந்து சொன்னார்.

“கம்பியோட முறுக்குலேருந்து.”

“அது தூக்குற கை. நான் கேக்குறது தூக்கின பொருள. அதை எங்கேருந்து எடுத்துச்சு?”

மூன்றாவது நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஆண்டவன் குடுக்குறான்னு வச்சுக்குங்க.”

“ஆண்டவன்கிட்ட நான் வெவரம் கேட்டுக்குறேன். நீங்க கட்டையை எடுத்து வைங்க.”

*

கார்த்திகையில் லூர்து மேஸ்திரியின் அக்காள் மகளுக்குத் திண்டுக்கல் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. மேஸ்திரி மூன்று நாள் ஷெட்டில் இருக்க மாட்டார். வண்டி வந்தால் நிறுத்தி வையுங்கள், வந்து பார்க்கிறேன் என்று சாவியைச் சின்னமாயனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சின்னமாயன் அரைகுறையாக எதையும் செய்யவில்லை. அன்று அவர் செய்த வேலையை லூர்து மேஸ்திரி நின்று பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க முடியாது.

சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை அண்டை கொடுத்தார். ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, சட்டத்தின் அடியில் இரண்டு ஸ்டாண்டை வைத்து, பாரத்தை அவற்றின் மேல் இறக்கினார். முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுத் தொங்கின. கம்பிகளின் மேல் இப்போது வண்டியின் பாரம் இல்லை.

தோளைக் கொடுத்து ஆட்டினார். அசையவில்லை.

தவசியிடம் ஒரு டீ வாங்கிக் குடிக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய்ப் படுத்தார். தவசி சிரித்தான். சிரித்தாலும் குடித்து முடித்தான்.

பிறகு போல்ட்டைத் திருகினார். இடது பக்கம் பதினெட்டுச் சுற்று. வலது பக்கம் பதினெட்டுச் சுற்று. எங்கே தொடங்கினோம் என்று தெரிய வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு. வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் நாலடி உருட்டி, பானெட்டை அமுக்கி விட்டு, டேப்பை வைத்தார்.

இரண்டு பக்கமும் சரியாக மூன்று இஞ்ச்.

தவசி தள்ளி நின்று பார்த்தான். “இப்பத்தாம்ப்பா வண்டி” என்றான். ஏறி உட்கார்ந்து, ஒரு ஹாரன் அடித்துவிட்டு மலைக்குப் போனான்.

மதியம் மேலேயிருந்து போன் வந்தது. பாறை உரசவே இல்லையாம்.

சின்னமாயனுக்கு அன்று சாப்பாடு ருசித்தது. ஏழு மாதம் மல்லாந்து கிடந்து கற்ற வித்தை. கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன, வேலை தெரிந்துவிட்டதே என்று நினைத்தார். அடுத்த நாளும் போன் வந்தது. அப்போதும் உரசவில்லை.

*

லூர்து மேஸ்திரி மூன்றாம் நாள் மதியம் வந்தார். பையை மாட்டிவிட்டுத் திரும்பும்போது, வெள்ளைப் பெயின்ட் டப்பா இடம் மாறியிருப்பதைப் பார்த்தார்.

“எவ்வளவுண்ணே?”

மறைத்துப் பழக்கமில்லாத மனிதர் சின்னமாயன்.

“மூணு.”

“பாரம் எறக்கினீங்களா?”

“எறக்கினேன். ரெண்டு பக்கமும் ஒரே கணக்கு. பதினெட்டு, பதினெட்டு.”

“படுத்தீங்களா?”

“படுத்தேன் மேஸ்திரிம்மா. தவசி டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் படுத்திருந்தேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, தவசி வண்டியை எடுத்துட்டு மலைக்குப் போனான்.”

லூர்து மேஸ்திரி அவரைப் பார்த்தார். திட்டுவார் என்று சின்னமாயன் காத்திருந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு ஏறுவான்?”

“ஆறு மணிக்கு.”

“நாமளும் போவோம்.”

அன்று ஷெட்டை மூடும்போது ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, நாலு கட்டை, ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றையும் மேஸ்திரி ஒரு சாக்கில் கட்டி வாசலருகே வைத்தார்.

*

காலையில் மூவரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து ஏறினார்கள். பின்னால் அரிசி மூட்டைகளோடு அந்தக் கருவிச் சாக்கும். மேஸ்திரியின் மடியில் ஒரு பிளாஸ்க்.

சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் இடுப்பில் குத்தியது. முன்பு இப்படிக் குத்தியதில்லை. வண்டி கெட்டியாகிவிட்டது என்று தவசி பெருமையாகச் சொன்னான். சின்னமாயனும் ஆமாம் என்றார்.

பாறைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஓடை வளைவு வரும். அங்கே சாலையின் இடது ஓரத்தை மழைத் தண்ணீர் அரித்து, அரையடிப் பள்ளம் பறித்திருந்தது. பள்ளத்தை ஒட்டி ஒரு சாண் மண். அதற்கப்பால் கீழே மரங்களின் உச்சிதான் தெரியும்.

“தம்பி, நிறுத்துப்பா. நாங்க எறங்கிக்கிறோம். நீ எப்பவும் போற மாதிரி மெதுவா ஏத்து.”

லூர்து மேஸ்திரி சின்னமாயனைப் பள்ளத்துக்கு எதிரே, சாலையோரத்தில் குத்தவைத்து உட்காரச் சொன்னார். இடது முன்சக்கரத்தை மட்டும் பாருங்கள் என்றார்.

இருபத்தாறு வருடத்தில் சின்னமாயன் அந்த வளைவை எத்தனையோ ஆயிரம் முறை கடந்திருக்கிறார். ஒரு முறைகூட வெளியே உட்கார்ந்து பார்த்ததில்லை. ஓட்டுகிறவனுக்குச் சாலை தெரியும். தன் சக்கரம் தெரியாது.

தவசி முதல் கியரில் ஏற்றினான்.

சக்கரம் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அந்தச் சக்கரம் காலையே விடவில்லை. பள்ளத்துக்குள் இறங்க வேண்டியது, இறங்காமல் அந்தரத்தில் நின்றது. மூக்கைத் தூக்கியபோதே அது போகக்கூடிய அளவுக்குக் கீழே போய்விட்டிருந்தது. இனி இறங்க அதற்கு இடமில்லை.

டயருக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல் வெளிச்சம் தெரிந்தது. அந்த வழியாகச் சின்னமாயன் எதிர்ப்பக்கத்து மலையைப் பார்த்தார்.

மூன்று சக்கரத்தில் நின்ற வண்டி மெல்ல யோசித்தது. பிறகு மொத்தமாக இடது பக்கம் சாய்ந்து, தொம்மென்று பள்ளத்தில் விழுந்தது. விழுந்த வேகத்தில் மூக்கு அரைச் சாண் ஓரத்துக்கு நகர்ந்தது. ஓரத்து மண்ணிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து கீழே போனது. அது எங்கேயும் போய் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வண்டி உறுமி, ஏறி, அந்தப் பக்கம் போய் நின்றது.

தவசி ஜன்னலில் தலையை நீட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியாப்பா, எங்கேயும் உரசல.”

சின்னமாயனால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் பயந்துபோனார். தன் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

“தவசி.”

“என்னப்பா?”

“எத்தனை நடை போன?”

“மூணு நாளா ஒம்பது நடை. ஏன்?”

ஒன்பது முறை மேலே. ஒன்பது முறை கீழே. அவ்வளவு நேரமும் அவர் அடிவாரத்தில் உட்கார்ந்து சாப்பாட்டை ருசித்துக்கொண்டிருந்தார்.

அவர் லூர்து மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் படுக்கல மேஸ்திரிம்மா” என்றார் சின்னமாயன்.

“ஷெட்டுல படுத்தேன். இங்க அவனைப் படுக்க வச்சுட்டேன்.”

மேஸ்திரி சாக்கு மூட்டையை எடுக்கப் போனார்.

*

வளைவுக்கு மேலே வாழைத்தார் ஏற்றும் இடத்தில் ஒரு சிமென்ட் தரை இருந்தது. அங்கே வண்டியை நிறுத்தி மூட்டைகளை இறக்கினார்கள்.

சின்னமாயன் யாரையும் தொட விடவில்லை. கட்டை கொடுத்தார். தூக்கினார். ஸ்டாண்டில் நிறுத்தினார். ஆட்டினார். போய்ப் படுத்தார்.

மேஸ்திரி பிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளர் டீ ஊற்றி ஆற்றி ஆற்றிக் குடித்தார். இந்த முறை கீழேயிருந்து எந்தக் கேள்வியும் வரவில்லை.

இடது பக்கம் பன்னிரண்டு சுற்றுத் தளர்த்தினார். வலது பக்கம் பன்னிரண்டு. வண்டியை இறக்கி, உருட்டி, அமுக்கி, அளந்தார். ஒரு இஞ்ச் மட்டும் மிச்சம் இருந்தது. கீழே போனதும் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

தவசிக்கு முகம் சுருங்கிவிட்டது. புலி மறுபடி பூனை ஆகிவிட்டதே.

“பாறை உரசுமேப்பா.”

“உரசட்டும்.”

“தகடு போயிரும்.”

“உரசினா சத்தம் கேக்கும்டா. நீயும் நிறுத்துவ. ஒரு பக்கச் சக்கரத்தைப் பாறை மேலயே ஏத்திப் போ, நான் காட்டித் தர்றேன். அந்தரத்துல நின்ன சக்கரம் சத்தமே போடல. ஒம்பது நடையா சத்தமே போடல.”

தவசி குனிந்து நெளிந்த தகட்டைப் பார்த்தான்.

இனி வண்டி ஓடை வளைவைத் தாண்டிக் கீழே போய், திரும்பி, ஒரு முறை ஏறி வர வேண்டும். சக்கரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தவசி சாவியை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்கை நோக்கி நடந்தான்.

“நில்லு” என்றார் சின்னமாயன்.

அவரால் ஓட்ட முடியாது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அந்த வளைவில் ஓட்டுவது வீரமில்லை, முட்டாள்தனம். அது அவருக்குத் தெரியும். வேறு ஒருவன் ஓட்டித்தான் ஆக வேண்டும். அது தவசியாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்தார். பள்ளத்தாக்குப் பக்கம். அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் சீட்.

“இப்ப ஏறு. என்னைக் கேக்காம கியர் மாத்தாத.”

ஒரு காலை உள்ளே வைத்தவர் திரும்பினார். மூன்று வாரமாகப் பிடிபடாத பதில் இப்போதுதான் நாக்குக்கு வந்தது.

“மேஸ்திரிம்மா, அந்த மூணு இஞ்ச் எங்கேருந்து வந்துச்சுன்னா…”

“ஏறுங்கண்ணே” என்றார் லூர்து மேஸ்திரி.

கதவு மூடிக்கொண்டது. வண்டி மெல்ல வளைவை நோக்கி இறங்கியது.

லூர்து மேஸ்திரி பள்ளத்துக்கு எதிரே போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். பிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை டம்ளரில் ஊற்றினார்.

ஆற்றி ஆற்றிக் குடிக்க ஆரம்பித்தார்.